80 விழுக்காடு என்று எழுதியது யார்?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கை வாசிக்கப்படும் கூட்டத்தில் இமாமும் சில வார்த்தைகள் பேசுவது நம் ஜமாஅத்தின் வழக்கம். இவ்வாண்டு கம்ப்யூட்டர் மென்பொருளைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்தவுடன் பின்வரிசையில் சிரிப்பொலி கேட்கிறது. தாராளமாகச் சிரிக்கலாம். மதரஸாவில் கிதாபு ஓதி வந்தவருக்கு மென்பொருளில் என்ன வேலை என்றும் கேட்கலாம். ஆனால், சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு ஜும்ஆவுக்குப் பின் இதே மிம்பரின் அருகில் நின்று நாம் உங்களுக்கு வாசித்துக் காட்டிய ஓர் எண் பிழையான எண். அதை எழுதியது ஓர் இயந்திரம். வாசித்தது நம் வாய். ஆகவே அதைப் பற்றிப் பேசும் கடமை நமக்கே முதலில் வந்து சேருகிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். பள்ளிவாசலின் மேல்தளப் பணி தொடங்கியபோது, கணக்கும் வேலையும் ஒழுங்காகப் பதிவாக வேண்டும் என்று நிர்வாகக் குழு விரும்பியது. நம் முந்தைய தலைமுறை அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத்து முன்னும் உலை முன்னும் நின்றது. இன்றைய பிள்ளைகள் அதே எஸ்டேட்டில் எழும்பியிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் முன் அமர்கிறார்கள். அவர்களில் ஒருவர், தம் அலுவலகத்தில் பெரிய வேலைகளை மேற்பார்வையிட ஒரு மென்பொருள் இருப்பதாகவும், சிறிய குழுக்கள் அதைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்றும் சொன்னார். நல்ல யோசனைதான். மேல்தளம், மக்தப் மதரஸா, மாதச் சந்தா என மூன்று இலக்குகள் அதில் எழுதப்பட்டன. ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு முடிந்திருக்கிறது என்பதை ஒரு கோடு காட்டும். கோடு நீள நீளப் பார்ப்பதற்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

முதல் சில மாதங்கள் அந்த இளைஞரே மேலே ஏறிப் பார்த்து எண்ணை மாற்றினார். பிறகு அவருக்கு இரவுப் பணி வந்தது. அப்போதுதான் ‘ஏஜென்ட்’ என்கிற செயற்கை நுண்ணறிவுக் கருவியை அந்த மென்பொருளோடு இணைத்தார். இனி எவரும் உள்ளே சென்று கட்டம் கட்டமாகத் திருத்த வேண்டியதில்லை. “இம்மாதக் கணக்கைப் பார்த்து மேல்தள இலக்கைப் புதுப்பித்துவிடு” என்று ஒரு வரி எழுதினால் போதும். கருவி தானே கணக்கைப் படிக்கும், தானே எண்ணை மாற்றும், தானே ஒரு குறிப்பும் எழுதிவைக்கும். ஷஃபானில் அது எழுதிய எண் 80. பக்கத்தில் பச்சை நிறம் வைத்து, பணி எதிர்பார்த்தபடி செல்கிறது என்று அழகான வாசகமும் சேர்த்திருந்தது. அந்தக் காகிதம் நம் கைக்கு வந்தது. நாம் வாசித்தோம். நீங்கள் “அல்ஹம்துலில்லாஹ்” என்றீர்கள்.

உண்மையில் மேலே என்ன இருந்தது? தூண்கள் நின்றன, தளம் போடப்பட்டிருந்தது, சுவர் பாதி உயரம் வந்திருந்தது. பூச்சு இல்லை. மின்கம்பி இழுக்கவில்லை. உளூச் செய்யுமிடத்திற்குக் குழாய் வரவில்லை. கதவு, ஜன்னல் எதுவும் இல்லை.

அப்படியானால் 80 எங்கிருந்து வந்தது? ஒதுக்கிய பணத்தில் பத்தில் எட்டுப் பங்கு செலவாகியிருந்தது. கருவிக்குக் கிடைத்தது செலவுக் கணக்கு மட்டுமே. அதைக் கொண்டு அது கணித்தது. கட்டட வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். கம்பியும் சிமென்டும் ஜல்லியும் பணத்தை முதலில் விழுங்கிவிடும். நாட்களை விழுங்குவது பூச்சும் குழாயும் டைல்ஸும்தான் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கருவிக்கு அது தெரியாது. வருந்தத்தக்க செய்தி, அன்று நமக்கும் தோன்றவில்லை என்பதே.

ஒரு காகிதத்தில் பிழையான எண் வந்ததற்கு இவ்வளவு பேச்சா என்று நினைக்க வேண்டாம். அதன் பின் நடந்தவை மூன்று. ஜும்ஆ உண்டியலில் கட்டட நிதிக்கென விழுந்த தொகை குறைந்தது. வேலை முடியப் போகிறதே என்று மக்கள் நினைத்தது இயல்புதான். குழாய்ச் செலவை ஏற்பதாகச் சொல்லியிருந்த ஒரு சகோதரர், இங்கே தேவை முடிந்தது என்று கருதி வேறொரு பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டார். அதிலும் குற்றம் இல்லை. ரமளானில் தராவீஹ் தொழ வந்தவர்களில் ஒரு பகுதியினர் வழக்கம்போலத் தெருவில் ஷாமியானாவின் கீழ் நின்றார்கள்.

மூன்றாவதுதான் நம் உள்ளத்தை உறுத்துவது. ‘80 விழுக்காடு முடிந்த வேலைக்கு இன்னும் 4 மாதம் கேட்கிறாரே’ என்று மேஸ்திரியின் மீது சந்தேகம் எழுந்தது. தேநீர்க் கடையில் பேச்சு வந்தது. ‘பள்ளிவாசல் காசைத் தின்கிறார்’ என்று ஒருவர் அவருடைய முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நாமும் ஒரு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் சென்றோம். மறைப்பதற்கில்லை. இரண்டு நாள் அவர் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, “ஹஜ்ரத், ஒரு தடவை மேல ஏறி வந்து பாத்துட்டுப் பேசுங்க. காசு செலவான அளவுக்கு வேலை முடியணும்னா, கம்பி வந்து எறங்குன அன்னிக்கே பாதிக் கட்டடம் எழும்பியிருக்கணுமே” என்றார். ஏறினோம். பார்த்தோம். அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பொதுவில் எழுந்த பழிக்குத் தனியே கேட்ட மன்னிப்பு போதாது என்பதால் இந்தச் சபையிலும் சொல்கிறோம். அவருடைய கணக்கில் ஒரு மூட்டை சிமென்ட் கூடக் குறையவில்லை.

அந்த 80-க்குப் பொறுப்பாளி யார் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. இளைஞர், “நான் 80 என்று சொல்லவில்லை, கருவிதான் எழுதியது” என்றார். செயலாளர், “கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே அச்செடுத்தேன்” என்றார். நாம், “கொடுத்த காகிதத்தை வாசித்தோம்” என்றோம். எல்லோரும் உண்மையே பேசினோம். ஆனாலும் பொய் ஒன்று ஊருக்குள் போய்விட்டது.

மென்பொருளின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. 80 என்று மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் இயந்திரத்தின் பெயர் இல்லை. அந்த இளைஞரின் பெயரே இருந்தது. ஏனெனில் கருவிக்கு உள்ளே நுழையச் சாவி கொடுத்தவர் அவர். அவருடைய அனுமதியில்தான் அது நடமாடுகிறது. நாம் எழுதும் வாக்கியத்தைப் பிரித்து, எந்த இலக்கு, என்ன எண் என்று தீர்மானித்து, மென்பொருளின் கதவைத் தட்டி அவ்வெண்ணை உள்ளே கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. அந்த எண் உண்மையா என்று மென்பொருள் கேட்பதில்லை. எண்ணாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறது.

இதைக் கேட்டதும் நமக்கு மதரஸாவில் ஓதிய வகாலத் பாடம் நினைவுக்கு வந்தது. நீதிமன்றத்தில் நமக்காகப் பேசுபவரை ‘வக்கீல்’ என்கிறோமே, அது அரபியின் ‘வகீல்’ என்னும் சொல்லே. பிறருக்காகச் செயல்பட ஒப்புக்கொண்டவர் என்பது பொருள். ‘ஏஜென்ட்’ என்பதற்கு நம் கிதாபுகளின் சொல் அதுதான். ஆனால் வகீலாக இருப்பவர் புத்தி உள்ளவராக இருக்க வேண்டும் என்பது அங்கே முதல் நிபந்தனை. தமக்கு அளிக்கப்பட்ட எல்லையை அவர் மீறக் கூடாது. மீறினாலோ கவனக்குறைவாக இருந்தாலோ அவரிடம் ஈடு கேட்கலாம். இந்தக் கருவியிடம் எந்த ஈட்டைக் கேட்பது? அதற்குச் சொத்து இல்லை, மானம் இல்லை, மறுமை இல்லை. ஆகவே பெயர் ஏஜென்டாக இருந்தாலும் அது வகீல் அன்று. எழுதுகோலின் இனத்தைச் சேர்ந்தது என்பதே நம் கருத்து. இதை ஃபத்வாவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆலிம்கள் கூடிப் பேச வேண்டிய விஷயம். ஆனால் எழுதுகோல் எழுதியதற்கு அதைப் பிடித்த கையே பொறுப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை.

உலகத்து நீதிமன்றங்களும் ஏறக்குறைய இதே இடத்துக்குத்தான் வந்திருக்கின்றன. கனடாவில் ஒருவர், 2022 நவம்பரில் தம் பாட்டியார் இறந்த செய்தி கேட்டு ஊருக்குச் செல்ல ஏர் கனடா நிறுவனத்தின் தானியங்கி உரையாடல் கருவியிடம் கட்டணம் பற்றி விசாரித்தார். துக்கத்திற்காகச் செல்வோருக்கான சலுகையைப் பயணத்திற்குப் பிறகும் கேட்டுப் பெறலாம் என்று கருவி தவறாகச் சொல்லிவிட்டது. பின்னர் நிறுவனம் சலுகையை மறுத்தது. வழக்கு வந்தபோது, கருவி சொன்னதற்குக் கருவியே தனிப்பொறுப்பு என்பது போன்ற வாதத்தை நிறுவனம் முன்வைத்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, ஈடு கொடுக்குமாறு உத்தரவிட்டது. தொகை ஆயிரம் டாலருக்கும் குறைவு. ஆனால் கருவியை வாசலில் நிறுத்தியவரே அதன் சொல்லுக்குப் பொறுப்பு என்பது எழுத்தில் வந்துவிட்டது.

இனி அந்த விழுக்காடு என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இலக்கு எழுதி அளந்து பார்க்கும் வழக்கம் கம்ப்யூட்டரோடு வந்ததன்று. பீட்டர் டிரக்கர் என்ற மேலாண்மை அறிஞர் 1954-இல் எழுதிய நூலில் அதை வலியுறுத்தினார். இன்டெல் நிறுவனத்தில் ஆண்டி குரோவ் அதை மேலும் கூர்மையாக்கி, இலக்கு ஒன்று, அதை அளக்கும் முடிவுகள் சில என்று வகுத்தார். அவரிடம் கற்ற ஜான் டோர் 1999-இல் அதை கூகுள் நிறுவனத்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து உலகெங்கும் பரவியது. இன்று அம்பத்தூரிலும் கிண்டியிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘எவ்வளவு முடித்தாய்’ என்று கேட்கப்படுவது இந்த மரபின் வழியாகத்தான்.

மென்பொருளில் ஓர் இலக்குக்கு மூன்று எண்கள் உண்டு. எங்கே தொடங்கினோம், இப்போது எங்கே இருக்கிறோம், எங்கே சேர வேண்டும். உதாரணத்துக்கு, சந்தா செலுத்தும் வீடுகள் 120 ஆக இருந்தபோது, 300 ஆக்குவோம் என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். இப்போது 210 வீடுகள் செலுத்துகின்றன. எத்தனை விழுக்காடு? 210-ஐ 300-ஆல் வகுத்து 70 என்பீர்கள். அது தவறு. 120 வீடுகள் ஏற்கெனவே இருந்தவை. அவற்றைச் சேர்த்தது இவ்வாண்டின் உழைப்பு அன்று. சேர்க்க வேண்டியவை 180, சேர்ந்தவை 90. ஆகவே 50 விழுக்காடுதான். தொடக்க எண்ணைப் பூச்சியம் என்று விட்டுவிட்டால் மென்பொருளும் 70 என்றே காட்டும். மின் கட்டணத்தை 9,000 ரூபாயிலிருந்து 6,000-க்குக் குறைப்பது போன்ற இறங்குமுக இலக்குகளில் குழப்பம் இன்னும் அதிகம். 7,500-க்கு வந்தால் பாதி வழி வந்திருக்கிறோம். ஆனால் தொடக்கத்தைக் குறிக்காமல் 7,500-ஐ 6,000-ஆல் வகுப்பவருக்கு இலக்கைத் தாண்டிவிட்டதாகத் தோன்றும்!

இன்னொரு வழியும் உண்டு. இலக்குக்குக் கீழே உள்ள பணிகளில் எத்தனை முடிந்தன என்று எண்ணி விழுக்காடு போடுவது. பத்துப் பணிகளில் எட்டு முடிந்தால் 80. தூண் நிறுத்துவதும் ஒரு பணி, வாசலில் பல்பு மாட்டுவதும் ஒரு பணி. எளிய எட்டை முடித்துவிட்டுக் கடினமான இரண்டை விட்டுவைத்தாலும் கோடு நீண்டுவிடும். அளவுகோலையே இலக்காக்கிக்கொண்டால் அது நல்ல அளவுகோலாக இருப்பதில்லை என்ற கருத்து சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளாதார அறிஞரின் பெயரால் வழங்குகிறது. 1975-இல் பணக் கொள்கையைப் பற்றி அவர் எழுதியதிலிருந்து பிறந்தது அது. பரீட்சை மதிப்பெண்ணுக்காக மட்டுமே படிக்கும் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, கருவி வருவதற்கு முன்பே விழுக்காட்டில் இத்தனை வழுக்கல்கள் இருந்தன. மனிதர் கையால் மாற்றியபோது மாதம் ஒருமுறையாவது படியேறினார். ஏறியவர் கண்ணில் பூசாத சுவர் பட்டது. கருவி வந்ததும் படியேறுதல் நின்றுவிட்டது. இலக்கைப் புதுப்பிப்பது அவ்வளவு எளிதாகிவிட்டதால், புதுப்பித்ததே பார்த்ததற்குச் சமம் என்று நாமெல்லாம் எண்ணிவிட்டோம்.

இத்தகைய கருவிகள் இன்று நம் ஊருக்கு அந்நியமானவை அல்ல. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009 முதல் ஜோஹோ என்று அழைக்கப்படும் நிறுவனம் சென்னையிலிருந்து உலகத்துக்கு மென்பொருள் விற்கிறது. அதன் ‘ஜோஹோ புராஜெக்ட்ஸ்’ 2006-லேயே வந்துவிட்டது. 2025 ஜூலையில் அந்நிறுவனம் தானே பயிற்றுவித்த மொழி மாதிரியையும், ‘ஜியா’ என்ற பெயரில் இத்தகைய ஏஜென்ட்களையும், வெளிக் கருவிகள் தன் மென்பொருள்களோடு பேசுவதற்கான வாயிலையும் அறிவித்தது. அந்த வாயில்களுக்கு ஒரு பொது இலக்கணம் வேண்டும் என்று ஆந்த்ரோபிக் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறையைத்தான் இப்போது பலரும் பின்பற்றுகிறார்கள். எந்தச் செயற்கை நுண்ணறிவும் எந்த மென்பொருளின் கதவையும் ஒரே விதமாகத் தட்டலாம் என்பது அதன் பயன். பயன் பெரிதுதான். வரவு செலவு எழுதவே நேரமில்லாத சிறிய சங்கங்களுக்கு இது ஓர் அருட்கொடை என்றே சொல்வோம்.

கதவு என்றால் தாழ்ப்பாளும் வேண்டுமே. அசானா என்று ஓர் அமெரிக்க மென்பொருள், இலக்கு முன்னேற்றம் பார்ப்பதற்கே பெயர் பெற்றது. 2025 மே மாதம் அது இத்தகைய வாயிலைத் திறந்தது. ஜூன் தொடக்கத்தில் ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. ஒரு நிறுவனத்தின் தகவல், அதே வாயிலைப் பயன்படுத்தும் இன்னொரு நிறுவனத்தாரின் கண்ணில் பட்டிருக்கக் கூடும் என்ற நிலை. ஏறக்குறைய இரண்டு வாரம் வாயிலை மூடிவைத்துச் சரிசெய்தார்கள், வாடிக்கையாளர்களுக்கும் அறிவித்தார்கள். இதை வாசித்தபோது நம் பைத்துல்மால் பதிவேடுதான் நமக்கு நினைவுக்கு வந்தது. யாருக்கு மருத்துவ உதவி, எந்த வீட்டுப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், எந்தச் சகோதரிக்கு மாதாந்திர அரிசி என்பது அதில் இருக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று போதிக்கப்பட்ட நாம், அதை யாருடைய வாயிலிலோ வைக்கலாமா?

அதே ஆண்டு ஜூலையில் ரெப்லிட் என்ற தளத்தில் நடந்ததையும் நம் இளைஞர்கள் சொன்னார்கள். ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவர் அதன் ஏஜென்டைக் கொண்டு ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று தெளிவாகக் கட்டளையிட்டிருந்த வேளையில், அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விவரம் அடங்கிய தரவுத்தளத்தை அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. பிறகு பார்த்தால் மீட்க முடிந்தது! நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். கட்டளையை மீறியதைவிட, மீட்க முடியாது என்று அது உறுதியோடு சொன்னதுதான் நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அடக்கம் அதற்கு இயல்பாக வருவதில்லை. நமது 80-ம் அதே உறுதியோடுதான் வந்தது.

அப்படியானால் கருவியை அகற்றிவிடலாமா? சில பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள். பழைய நீளக் கணக்கு நோட்டே போதும் என்றார்கள். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த நோட்டில் எத்தனை பக்கங்கள் கரையானுக்குப் போயின என்பதை நாம் அறிவோம். தவிரவும், இரவுப் பணி முடிந்து வரும் பிள்ளை, ஒரு வரியில் சந்தாக் கணக்கைத் திருத்த முடிகிறது என்றால் அதைத் தடுப்பானேன்?

நிர்வாகக் குழுவில் ஒரு வழி கிடைத்தது, அதுவும் எதிர்பாராத இடத்திலிருந்து. வக்ஃபு சொத்துகளைப் பதிவு செய்ய மத்திய அரசு 2025 ஜூன் 6 அன்று ‘உமீத்’ என்ற தளத்தைத் தொடங்கியது உங்களுக்குத் தெரியும். ஆவணங்களைத் தேடிப் பள்ளிவாசல் பள்ளிவாசலாக அலைந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அத்தளத்தைப் பற்றியும் அதன் பின்னுள்ள சட்டத்தைப் பற்றியும் நம்மில் பலருக்குப் பல கருத்துகள் உண்டு. அதைப் பேச இது இடமன்று. ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருந்தது. முத்தவல்லி விவரத்தை ஏற்றுவார். இன்னொருவர் அதைச் சரிபார்ப்பார். மூன்றாமவர் ஒப்புதல் தருவார். மூன்றும் முடிந்த பிறகே பதிவு நிலைபெறும். ஏற்றியவரே ஒப்புதல் தர முடியாது. அந்த நாட்களில் இது நமக்குப் பெரும் சலிப்பாக இருந்தது உண்மைதான்.

அதையே இங்கே வைத்துக்கொண்டோம். கருவி இனி எழுதுவது முன்வரைவு மட்டும். இலக்கின் எண்ணை நேரடியாக மாற்றும் அனுமதி அதனிடமிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. படிக்கலாம், எழுதிக் காட்டலாம். இந்த எண்ணை எதிலிருந்து எடுத்தாய் என்பதையும் அது எழுத வேண்டும். ‘செலவுக் கணக்கிலிருந்து’ என்று அன்று ஒரு சொல் இருந்திருந்தால் நாமே பிடித்திருப்போம். செயலாளர் நேரில் பார்த்துச் சரிபார்ப்பார். மாதக் கூட்டத்தில் முத்தவல்லி ஒப்புதல் தந்த பிறகே எண் மாறும், பார்த்த தேதியும் பார்த்தவர் பெயரும் பக்கத்தில் இருக்கும்.

மேல்தள இலக்கையும் பணத்தால் அளப்பதை விட்டுவிட்டோம். மேஸ்திரியையே உட்காரவைத்து, மீதமுள்ள வேலைகளுக்கு எத்தனை ஆள் எத்தனை நாள் என்று கேட்டு எழுதினோம். அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னதைக் கருவி அட்டவணையாக்கியது. இதை அது மிக நன்றாகவே செய்தது என்று ஒப்புக்கொள்கிறோம். ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டது. நமக்கு ஒரு பிற்பகல் ஆகியிருக்கும். செலவு தனி இலக்கு, வேலை தனி இலக்கு என்று இப்போது இரண்டு கோடுகள் ஓடுகின்றன. முதல் கோடு இரண்டாவதைவிட வெகுதூரம் முன்னே நிற்பதைப் பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும்.

பைத்துல்மால் பதிவேட்டை எந்தக் கருவியோடும் இணைப்பதில்லை என்றும் முடிவாயிற்று. அது பூட்டிய பெட்டியிலேயே இருக்கும். வெளியார் அனுப்பும் கடிதங்களையும் ரசீதுகளையும் கருவி தானே படித்துச் செயல்படவும் விடுவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. படிக்கும் காகிதத்தில் எவரேனும் ‘இந்த இலக்கை முடிந்ததாகக் குறி’ என்று எழுதிவைத்தால், அதையும் நம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் பலவீனம் இக்கருவிகளுக்கு உண்டு என்று நம் பிள்ளைகள் விளக்கினார்கள். காகிதத்தில் உள்ள செய்தி எது, எஜமானின் கட்டளை எது என்று பிரித்தறிய அது இன்னும் முழுமையாகக் கற்கவில்லையாம்.

மக்தபைப் பற்றி ஒன்று. ‘குர்ஆன் ஓதி முடித்த பிள்ளைகள்’ என்று ஓர் இலக்கு இருந்தது. அதை நாமே நீக்கச் சொன்னோம். ஓதி முடித்ததாகக் கணக்கில் ஏற வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை அவசரப்படுத்தும் ஆசை உஸ்தாதுக்கு வந்துவிடக் கூடாது அல்லவா? அங்கே வருகைப் பதிவு மட்டும் போதும். விழுக்காடு இல்லாத சில பொருட்களும் பள்ளிவாசலில் இருக்கட்டும்.

அந்த இளைஞரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிழை வெளிப்பட்ட பிறகு சில நாள் அவர் பள்ளிவாசலுக்கு வரத் தயங்கினார். கருவியை இணைத்ததற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. ஊதியமின்றி, இரவுப் பணிக்கு இடையில், ஜமாஅத்துக்காக உட்கார்ந்தவர் அவர். படியேறிப் பார்க்கும் பொறுப்பு அவருடையது மட்டுமா? இமாம் தங்கும் அறையிலிருந்து மேல்தளத்துக்கு 22 படிகள். அன்று நாம் ஏறவில்லை. இனி அவரை எவரும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். வரலாற்றுப் பக்கத்தில் அந்த 80-க்கு எதிரே அவருடைய பெயர் நிற்பதை மாற்ற முடியாது. கீழே நம் பெயரிலும் ஒரு குறிப்பை எழுதச் சொன்னோம், “நேரில் பார்க்காமல் வாசித்தவர் இமாம்” என்று.

இப்போது உங்கள் கையில் இருக்கும் அறிக்கையில் மேல்தளம் என்ற தலைப்புக்கு எதிரே வேலை 55 விழுக்காடு என்று அச்சாகியிருக்கிறது. சென்ற ஆண்டு 80, இவ்வாண்டு 55, கட்டடம் தேய்கிறதா என்று ஒருவர் வாசலில் கேட்டுவிட்டார். அதற்கான விளக்கம்தான் இந்த உரை. அறிக்கை அச்சுக்குச் சென்று மூன்று வாரம் ஆகிவிட்டதால் இந்த 55-ம் பழையது. உள்பூச்சு அதற்குப் பிறகு முடிந்திருக்கிறது. குழாய் இன்னும் வரவில்லை. நாளை அஸர் தொழுகைக்குப் பின் செயலாளரும் நாமும் மேஸ்திரியோடு மேலே செல்கிறோம். விரும்புவோர் உடன் வரலாம். கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை, ஆகையால் சிறுவர்களை அழைத்துவர வேண்டாம்.